நிறையாத குழி

என் அக்கா வீட்டுக்காரரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இளவயதில் அவர் கிணற்றுக்காரர். தலை நரைக்கத் தொடங்கிய பிறகு குழிக்காரர். "கிணறு, குழி, இதுக்கு நடுவுல ஒரு நல்ல பேரு என் புருஷனுக்குக் கெடைக்கலையா?" என்று அக்கா அலுத்துக்கொள்வாள். எனக்கு அவர் மாமா. அவர் கதையை எழுதப் போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். "எழுது. ஊரே மூக்கைப் பொத்திக்கிட்டுப் பாத்தாச்சு. இனிமே போறதுக்கு மானம் எங்க மிச்சமிருக்கு?" என்றாள். அக்கா சம்மதம் சொல்கிற விதமே அதுதான்.

மாமா நல்ல உழைப்பாளி, நல்ல வாயாடி, கொஞ்சம் தற்பெருமைக்காரர். கிணறு தோண்டியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இத்தனை ஆழம் போதும் என்று யாரும் சொல்லி அவர்களை நிறுத்த முடியாது. காலடியில் ஈரம் தட்டும்வரை கை நிற்காது. மாமா ஈரத்தைக் கண்டதும் ஒரு பிடி மண்ணை உருட்டி மேலே வீசுவாராம். உருண்டை உடையாமல் விழுந்தால் மேலே நிற்கிறவர்கள் கைதட்டுவார்களாம். துளை போடும் லாரி ஊருக்குள் வந்ததும் கிணறு கேட்க ஆளில்லை. அதற்காக அவர் ஒப்பாரி வைக்கவில்லை. கொத்து வேலைக்குப் போனார், சுவர் கட்டினார், கோணலாகத்தான் கட்டினார். "மேல போற வேலை எனக்கு வராது மாப்ளே. கீழ போற வேலைன்னா சொல்லு" என்று அதையும் பெருமையாகவே சொல்வார்.

அப்படி இருக்கும்போதுதான் வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டும் திட்டம் வந்தது.

எங்கள் ஊர் ஒரு சரிவில் இருக்கிறது. மேலே மேட்டுத்தெரு, கீழே பள்ளத்தெரு. என் மாவு மில்லும் அக்கா வீடும் மேட்டுத்தெருவில். அக்காவின் ஒரே மகளைப் பள்ளத்தெருவில்தான் கட்டிக்கொடுத்தது. அந்தத் திட்டம் வருவதற்கு முன்னால் இரண்டு தெருப் பெண்களும் செங்கல் சூளைக்குப் பின்னால் இருக்கும் முள்காட்டுக்குத்தான் போக வேண்டும், அதுவும் இருட்டிய பிறகு. பகலில் வயிறு கலங்கினால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் கழிப்பறை என்றதும் பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஆண்கள்தான் ஆயிரம் கேள்வி கேட்டார்கள்.

திட்டத்தைப் பார்த்துக்கொள்ள வந்த ஓவர்சீயர் பொறுமையான மனிதர். என் மில் வாசலில் எல்லாரையும் உட்காரவைத்து விளக்கினார். நெஞ்சளவு ஆழத்தில் இரண்டு குழி. ஒன்று நிறைந்தால் அதை அடைத்துவிட்டு மற்றதற்குத் திருப்பிவிட வேண்டும். அடைத்த குழி சில வருடம் சும்மா கிடந்தால் உள்ளே இருப்பது நாற்றமில்லாத மண்ணாகிவிடும். அதை அள்ளி வயலில் போடலாம்.

"அள்ளி?" என்றார் பால்காரர். "யாரு அள்ளுறது?"

ஓவர்சீயர் "நீங்கதான்" என்றார். அவ்வளவுதான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மண்ணாகிவிடும் என்று அவர் நூறு தடவை சொன்னாலும் எங்கள் மூக்கு ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்தவனைக் கூப்பிட்டு அள்ளச் சொல்லவும் வாய் வரவில்லை. திட்டமே அன்றோடு ஊத்திக்கொண்டிருக்கும். அப்போதுதான் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"யாரும் எதையும் அள்ள வேண்டாம். நெறையாத குழி நான் போட்டுத் தர்றேன்" என்றார்.

போட்டும் தந்தார். மேட்டுத்தெருவில் ஒரு வீடு விடாமல் அவர்தான் குழி தோண்டினார். நெஞ்சளவு தாண்டி, தலையளவு தாண்டி, ஆள்மேல் ஆள் நின்றாலும் எட்டாத ஆழத்துக்குப் போனார். ஈரம் தட்டியது, கை நின்றது. சிமெண்ட் உறையை ஒவ்வொன்றாகக் கயிறு கட்டி இறக்கினார். இரண்டாவது குழிக்குப் பதிலாக வெறும் தரையின் மேல் ஒரு மூடியைப் பதித்து வைத்தார். கணக்கெடுக்க வந்த ஓவர்சீயர் மூடிகளை எண்ணிக்கொண்டு போனார். மூடிக்குக் கீழே எட்டிப் பார்க்க வேண்டாம் என்று அவருடைய மூக்கும் அவரிடம் சொல்லியிருக்கும்.

பள்ளத்தெருவுக்கு வேறு கொத்தனார். அங்கே ஓவர்சீயர் கூடவே நின்று அளந்து போட்ட குழிகள். அவை நிறைந்தன. அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே அடைத்தார்கள், திருப்பினார்கள், பிறகு மண்ணாகிப் போனதை அள்ளவும் செய்தார்கள். மேட்டுத்தெருவில் நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்தோம். என் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளிடம் எங்கள் குழி நிறைந்ததே இல்லை என்று நானே பீற்றிக்கொண்டிருக்கிறேன். விருந்தாளியிடம் பேசுகிற பேச்சா அது என்று என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். ஒரு விழாவில் மாமாவை மேடையில் ஏற்றி, இந்த ஊர்ப் பெண்களின் மானத்தைக் காத்தவர் என்று பேசினார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. பெண்கள் முள்காட்டை மறந்தே போனார்கள். மாமாவுக்குத்தான் தலை கால் புரியவில்லை.

போட்டது எல்லாம் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. வாசலைத் தாண்டி எறிந்த குப்பையைப் பற்றி நாம் கேட்கிறோமா என்ன?

அடுத்தடுத்த மழைக்காலங்களில் பள்ளத்தெருவில் வயிற்றுப்போக்கு வந்தது. பெரியவர்கள் சுருண்டு படுத்து எழுந்தார்கள். குழந்தைகள் எழுந்திருக்க நாளானது. எழுந்தவை நோஞ்சானாகத் திரிந்தன. மேட்டுத்தெருவில் ஒரு வீட்டிலும் ஒன்றும் இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பள்ளத்தெருக்காரர்களுக்குக் கை கழுவத் தெரியாது, குடம் விளக்கத் தெரியாது, குழியை அள்ளிய கையோடு சாப்பிட உட்காருகிறார்கள் என்று என்னென்னவோ பேசினோம். எல்லாரையும்விட மாமாவின் வாய்தான் நீளம். "நான் போட்ட குழியா இருந்தா அள்ளுற வேலையே வந்திருக்காது" என்பார்.

அந்த வாய் ஒருநாள் சொந்த மகள் மேலேயே பாய்ந்தது. பேரனுக்கு வயிறு சரியில்லை என்று கேள்விப்பட்டு மாமாவும் நானும் போயிருந்தோம். பேரன் அப்போதுதான் சுவரைப் பிடித்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தான். அன்று நிற்கத் தெம்பில்லாமல் பாயில் கிடந்தான். மகளின் மாமியார் கதவில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். மாமா நேராக அடுப்படிக்குப் போனார். குடத்தைத் தூக்கினார், மோந்து பார்த்தார், கவிழ்த்து அடியைத் தடவினார்.

"குடம் விளக்குற லட்சணமா இது? புள்ளைய வளக்குறியா, கொல்லப் பாக்குறியா? பெத்தவளா நீ?"

"நல்லா விளக்குறேம்ப்பா..."

"வாயை மூடு. உன்னால நான் ஊர்ல தலை நிமிந்து நடக்க முடியல."

மகள் குடத்தை வாங்கி நிமிர்த்தி வைத்தாள். மாமியார் கதவிலிருந்து நிமிர்ந்தாள். "இத்தனை நாளா நான் சொன்னா மாமியார் கொடுமைன்னு சொல்லுவாங்கன்னு பேசாம இருந்தேன். இப்போ பெத்தவரே சொல்லிட்டாரு சம்பந்தி" என்றாள். அன்றைக்குப் பிறகு அந்த வீட்டில் எது நடந்தாலும், பால் பொங்கினாலும் பாத்திரம் உருண்டாலும், பெத்தவரே சொன்னது வந்து நிற்கும். என்னிடம் மாவு அரைக்க வரும்போது மகள் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகு நகரத்திலிருந்து தண்ணீரைச் சோதிக்க ஒரு பெண் வந்தாள். பை நிறைய, உள்ளே மருந்துத்தாள் போட்ட குட்டிக் குட்டி பாட்டில்கள். பாட்டிலோடு ஒருவர் இறங்கியதைக் கண்டு ஊரில் சில பேர் ஆசையோடு ஓடிவந்து ஏமாந்து போனது தனிக் கதை. வீடுகளுக்கெல்லாம் மேலே மேட்டின் உச்சியில் இருக்கும் எங்கள் அடிபம்பையும் பள்ளத்தெரு அடிபம்பையும் அவளே அடித்து, அவளே தண்ணீர் பிடித்து, மூடினாள். வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும் என்றாள். என் மில்லில் எஞ்சினுக்குப் பக்கத்து அலமாரியைவிட வெதுவெதுப்பான இடம் ஊரில் கிடையாது. அங்கே வைத்தோம்.

இரண்டு நாள் கழித்து அவள் வந்தபோது மில்லில் கூட்டம் கூடிவிட்டது. மேட்டுத்தெரு பாட்டில் வைத்தபடியே இருந்தது. பள்ளத்தெரு பாட்டில் மை போலக் கறுத்திருந்தது.

"கறுத்தா தண்ணில மலம் கலந்திருக்குன்னு அர்த்தம்" என்றாள் அவள்.

"அவங்க கைச் சுத்தம் அப்படி" என்றார் பால்காரர்.

"கை எங்கங்க வந்துச்சு? பம்பு வாயிலிருந்து நேரா நான் பிடிச்ச தண்ணி. இது மண்ணுக்கு அடியிலேயே கலக்குது." அவள் வாசலுக்கு வந்து சரிவை மேலும் கீழும் பார்த்தாள். "மேட்டுப் பக்கம் ஆழமான குழி எதாவது இருக்கா? குழியோட அடி ஈரத்தைத் தொட்டுச்சுன்னா, உள்ள போறதெல்லாம் அடித்தண்ணியோட சேந்து பள்ளத்தைப் பாக்க ஓடிடும். அப்படிப்பட்ட குழி நெறையவே நெறையாது."

நான் மாமாவைப் பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை. மில்லில் நின்ற மேட்டுத்தெரு ஆண்கள் அத்தனை பேருக்கும் தங்கள் வீட்டுக் கொல்லையில் என்ன இருக்கிறது என்று தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

"யாரு குழி போட்டது?" என்று அவள் கேட்டாள்.

"நான்தான்மா" என்றார் மாமா.

"எவ்வளவு ஆழம்?"

மாமா உள்ளங்கையைத் தன் நெஞ்சுக்கு நேராக வைத்துக் காட்டினார். "நெஞ்சளவு. ஓவர்சீயர் சொன்ன அளவு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அன்று நாங்கள் சுற்றி நின்று அதற்குச் சோறு அள்ளிப் போட்டோம். அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், இத்தனை பெரிய மனிதர்கள் நிற்கிறார்களே. பிறகு பள்ளத்தெரு பம்பின் மேடையைப் போய்ப் பார்த்தாள். அது வெடித்துப்போய், சுற்றிலும் அழுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒருவேளை இதுதான் உள்ளே இறங்குகிறதோ என்றாள். மேடையைப் பூசிவிட்டு மருந்து போடுங்கள், நான் மறுபடி வந்து சோதிக்கும்வரை கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மேடையை மாமாதான் பூசினார். யாரும் கூப்பிடாமல் தானே போனார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக ஒரு கொத்து வேலை செய்து நான் பார்த்ததில்லை. வழவழவென்று இழைத்து, தண்ணீர் ஓடிப்போக வாய்க்கால் கட்டி, சுற்றிலும் கல் பதித்தார். குழியில் இறங்குவதை மண் வடிகட்டிவிடும், மேடைதான் காரணமாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவார். "பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கெடைக்காதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று அக்கா தட்டை எடுத்துப் போவாள்.

"நான் மட்டுமா சொன்னேன்? ஊரே சும்மா நின்னுச்சே" என்பார் அவர்.

"ஊரா உங்க பேரனுக்குத் தாத்தா?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். இருந்தாலும் அந்தப் பாட்டில்காரப் பெண்ணிடம் போய் உண்மையைச் சொல்லவும் மாட்டார். எப்படிச் சொல்வார்? மேடையில் ஏற்றிக் கைதட்டிய ஊர். சொன்னால் தன் பெயர் போகும், மேட்டுத்தெருவே பகையாகும், பெண்கள் மறுபடி முள்காட்டுக்குப் போக வேண்டும். இத்தனையையும் அவர் என்னிடம் வரிசையாகச் சொன்னார். பேரனை மட்டும் அந்த வரிசையில் சேர்க்கவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், கறுத்த பாட்டிலைப் பற்றிக் கேள்விப்பட்ட நாள்முதல் மகள் பள்ளத்தெரு பம்பைத் தொடவில்லை. மாமியார் ஏசினாலும் பரவாயில்லை என்று மேடேறி வந்து எங்கள் பம்பில் தண்ணீர் எடுத்துப் போனாள். பேரன் தேறிக்கொண்டிருந்தான். மேடை பூசி முடிந்ததும் அவள் மேடேறுவதை நிறுத்திவிட்டாள். என்னம்மா, ஆளையே காணோம் என்று மில்லில் கேட்டேன்.

"அதான் அப்பாவே பூசிட்டாரே மாமா. இனிமே என்ன பயம்?" என்றாள்.

நான் அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். மாவு மூட்டையைக் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்ற பேச்சும் பூசிய மேடையைப் பார்த்ததும் எல்லாருக்கும் மறந்துபோயிற்று.

அடுத்த வாரமே பேரனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இந்தத் தடவை கண் உள்ளே போய்விட்டது. அழக்கூடத் தெம்பில்லை. மாமாவும் நானும் பஸ் பிடித்துப் போனோம். கட்டில் கிடைக்காமல் வராந்தாவில் பாய் போட்டிருந்தார்கள். மேலே ஜன்னல் கம்பியில் குளுக்கோஸ் பாட்டில் தொங்கியது. பேரனின் கை அசையாமலிருக்க அட்டையை வைத்துக் கட்டியிருந்தது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, போகிற வருகிற எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். "பம்பு சரி பண்ணியாச்சு, அதுக்கப்பறமும் புள்ளைக்கு வயிறு போகுதுன்னா யாரு மேல தப்பு? பெத்தவரே அன்னிக்குச் சொன்னாரு."

மாமா சுவரோரமாக நின்றார். மகள் எழுந்து அவரிடம் வந்தாள். அவர் திட்டப் போகிறார் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் தானே முந்திக்கொண்டாள்.

"சாம்பல் போட்டு ரெண்டு தடவை விளக்குறேம்ப்பா. அவனுக்கு ஊட்டுறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கை கழுவுறேன். இதுக்கு மேல எனக்குத் தெரியலப்பா. எங்க தப்புப் பண்றேன்னே தெரியல. என்னால உங்களுக்கு எப்பவும் தலைகுனிவுதான்."

கையை நீட்டிக் காட்டினாள். சோப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது. மாமா அந்தக் கையைப் பார்த்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் திரும்பி வெளியே நடந்தார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். அவர் அழுததை நான் பார்த்ததாகச் சொன்னால் இன்றும் என்னை அடிக்க வருவார். அழுதார்.

பஸ்ஸை விட்டு இறங்கியவர் நேராகத் தன் கொல்லைக்குப் போய்க் கடப்பாரையை எடுத்தார். உச்சி வெயில். குழி மூடியை நெம்பித் தள்ளினார். அக்கா ஓடிவந்து, "என்னங்க பண்றீங்க?" என்று கத்தினாள். மாமா அவளைவிட உரக்கத் தெருவைப் பார்த்துக் கத்தினார். எல்லாரும் வாருங்கள், குழிக்காரன் குழியைப் பார்க்க வாருங்கள் என்றார். கிணறு தோண்டிய காலத்துக் கயிற்றில் கல்லைக் கட்டி உள்ளே விட்டார். கயிறு போய்க்கொண்டே இருந்தது. கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது. மேலே இழுத்தபோது கயிற்றின் கடைசியிலிருந்து கறுப்பாகச் சொட்டியது. மாமா கயிற்றின் நீளம் தெரியும்படி அதைத் தரையில் நீட்டிப்போட்டு, தானே அதன் பக்கத்தில் நின்றார்.

"நெஞ்சளவுன்னு சொன்னேன். இதுதான் அந்த நெஞ்சளவு. பள்ளத்தெரு குடிச்சது இதைத்தான். என் பேரன் குடிச்சது இதைத்தான். பொய் சொன்னது நான்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, மேட்டுத்தெரு முகங்களில் அதைப் பார்த்தேன். பூதத்தைவிட அவர்களுக்கு அடுத்த வீட்டுக்காரன் முன்னால் அது கிளம்பியதுதான் கோபம். பால்காரர் முன்னால் வந்தார்.

"சரி, உங்க குழியைக் காட்டிட்டீங்க. அதோட நிறுத்துங்க. எங்க வீட்டுப் பொம்பளைங்கள மறுபடியும் காட்டுக்கு அனுப்பப் போறீங்களா?"

"அனுப்ப மாட்டேன். திரும்பவும் போட்டுத் தர்றேன். நெஞ்சளவு, ரெண்டு குழி. உங்க வீட்டுக் குழியும் இதே ஆழம். நான்தான் தோண்டினேன். எனக்குத் தெரியாதா?" என்றார் மாமா. பிறகு ஒவ்வொரு வீடாகக் கையை நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். என் வீட்டுக்கு வந்ததும் ஒரு நொடி தயங்கினார். "ஆமா, என் வீடும்தான்" என்று நானே சொன்னேன். வீரம் எல்லாம் ஒன்றுமில்லை. என் மனைவி பின்னாலிருந்து முதுகில் கிள்ளினாள்.

சேதி பள்ளத்தெருவுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? அவர்கள் திரண்டு வந்தார்கள். அடிதடி ஆகும் என்று பயந்தோம். ஆகவில்லை. தையல்காரி ஒருத்தி மட்டும் முன்னால் வந்து கயிற்றைப் பார்த்தாள். போன மழையில் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் கிடையாகக் கிடந்தவர்கள். எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"எங்களுக்குக் கை கழுவத் தெரியாதுன்னு சொன்னீங்க. நாங்களும் அதை நம்பி, புள்ளைங்களப் போட்டு அடிச்சோம். கடைசில உங்களுது எங்க குடத்துல இருந்திருக்கு."

நாங்கள் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டாள். கத்தியிருந்தால் நாங்களும் பதிலுக்குக் கத்தியிருப்போம். அவள் கத்தவில்லை. கேட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். அவள் முகத்தை இன்றும் என்னால் நேராகப் பார்க்க முடிவதில்லை. மில்லுக்கு வந்தால் மாவைக் கொடுத்துவிட்டு எஞ்சினைப் பார்க்கப் போய்விடுகிறேன்.

அன்றைக்கே மாமா பள்ளத்தெரு பம்பின் கைப்பிடியைக் கழற்றினார். பள்ளத்தெருப் பெண்கள் எங்கள் பம்புக்கு வந்தார்கள். வரிசை நீளமாகிறது என்று முணுமுணுக்க எங்களில் சிலருக்கு அப்போதும் வாய் இருந்தது. பாட்டில்காரப் பெண்ணை மாமாவே போய் அழைத்து வந்து உண்மையைச் சொன்னார். அவள் திட்டவில்லை, "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே ஐயா" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை என்றார் மாமா. ஆழக் குழிகளை எல்லாம் அடைத்து, புதிதாக நெஞ்சளவுக் குழிகளை இரண்டிரண்டாகத் தோண்டத் தொடங்கினார். பக்கத்தில் அக்காவை உட்காரவைத்துக்கொள்வார். நெஞ்சு மட்டத்துக்கு வந்ததும் அவள், "போதும், ஏறுங்க" என்று அதட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கை நிற்காது. குழிக்காரர் என்ற பெயரைச் சிலர் இப்போது வேறு மாதிரி சொன்னார்கள். அவர் காதில் விழும்படியே சொன்னார்கள்.

பேரன் பிழைத்தான். நீண்ட நாள் கிடந்து, எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்தான். நின்று பழகியவன் மறுபடி தவழ்வதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஊரே பார்க்கப் போனது. மாமா மட்டும் போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றார். ஊர் முன்னால் மூடியைத் திறந்தவருக்கு மகள் வீட்டு வாசலை மிதிக்கக் கால் வரவில்லை. கடைசியில் அக்கா ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்துத்தான் அழைத்துப் போனோம்.

மகள் வாசலில் நின்றிருந்தாள். பேரன் இடுப்பில் இருந்தான். உள்ளே மாமியார் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா, வாப்பா" என்று கூப்பிடும் பெண் அன்று வழியை விடவில்லை. மாமா குழந்தையைப் பார்த்துக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"ஊர்ல சொல்லிட்டேம்மா" என்றார் மாமா. "எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். கேட்டிருப்ப."

"கேட்டேன். ஊர்லதானே சொன்னீங்க?" என்றாள் மகள். "இந்த வீட்ல சொல்லலியே. என்னைத் திட்டினது இங்க நின்னுதானேப்பா? அத்தை முன்னாடிதானே? அங்க போய் நில்லுங்க."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையை அழுத்தினேன். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அடுப்படி வாசலில், அன்று குடத்தைக் கவிழ்த்துப் பார்த்த அதே இடத்தில் கூனிக் குறுகி நின்றார். மாமியார் முறத்தைக் கீழே வைத்தாள். மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"சம்பந்தி, என் பொண்ணு கை சுத்தம். அவ குடம் சுத்தம். அழுக்கு என்னுது. நான் தெரிஞ்சே மறைச்சேன்" என்றார். பாதி வார்த்தை வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

மகள் குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்கப்பா. அத்தைக்குக் காது சரியாக் கேக்காது."

அந்த அம்மாளுக்கு அடுத்த தெருவில் பேசுவதும் கேட்கும். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும், அந்த அம்மாளுக்கும் தெரியும். ஆனால் அவள் மறுக்கவில்லை. தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினாள். மாமா நிமிர்ந்து, மகளைப் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னார்.